கரன்ட்டுக்கு மானியம் இருக்கு... கூரைக்கு? - மொட்டைமாடிச் சூடும், கணக்கில் வராத டிகிரியும்!

இரவு 11 மணி. ஃபேன் ஐந்தில் ஓடுகிறது. ஆனால் வருவது காற்று இல்லை, அனல். சுவரில் கை வைத்தால் சுடுகிறது. பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் தரையும் சுடுகிறது. இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினால் 'சுர்ர்' என்று உறிஞ்சிக்கொள்கிறது. கடைசி மாடியில் குடியிருப்பவர்களுக்கும், சிமென்ட் ஷீட் வீட்டில் இருப்பவர்களுக்கும் இந்தக் காட்சி புதுசு இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் இதுதான் தினசரி வாழ்க்கை.

அடுத்த காட்சி, ரெண்டு மாசம் கழித்து. ஈ.பி. பில் வருகிறது. "நாம என்ன அப்படி யூஸ் பண்ணிட்டோம்?" என்று வீட்டில் ஒரு பஞ்சாயத்து. ஏ.சி-யை யார் 18-ல் வைத்தது, எந்த ரூமில் ஃபேன் சும்மா ஓடியது என்று விசாரணைக் கமிஷன் நடக்கும். ஆனால், அந்த விசாரணையில் ஒரு முக்கியக் குற்றவாளியை யாரும் கூண்டில் ஏற்றுவதே இல்லை. அது தலைக்கு மேலே இருக்கும் கூரை.

அரசாங்கமும் அதைக் கூண்டில் ஏற்றுவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். நாம் செலவு பண்ணுகிற கரன்ட்டுக்கு அரசு காசு கொடுக்கிறது. கரன்ட்டை நாமே தயாரித்தாலும் காசு கொடுக்கிறது. கரன்ட் கம்மியாகத் தேவைப்படும் வீட்டுக்கு மட்டும் ஏனோ பர்ஸைத் திறக்கத் தயங்குகிறது.

எதற்கெல்லாம் காசு கொடுக்கிறது அரசு?

2016 மே மாதம் மீண்டும் முதல்வராகப் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா கையெழுத்திட்ட உத்தரவுகளில் ஒன்று, எல்லா வீடுகளுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது. அதற்கு ஆண்டுக்கு 1,607 கோடி ரூபாய் செலவாகும் என்று அப்போது கணக்கு சொன்னார்கள். பின்னர் ஆட்சி மாறியபோதும் சலுகை தொடர்ந்தது. இலவச யூனிட், குறைந்த ஸ்லாபுக்கான சலுகை, விவசாயம், கைத்தறி, விசைத்தறி என எல்லாவற்றையும் சேர்த்தால், மின்வாரியத்துக்கு அரசு தரும் மானியம் ஆண்டுக்குப் பல ஆயிரம் கோடி ரூபாய்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன், ஒரு டி.வி என்று ஓட்டும் குடும்பத்துக்கு அந்த 100 யூனிட் பெரிய ஆறுதல். அதைப் பிடுங்கச் சொல்லி இங்கே யாரும் எழுதவில்லை.

அடுத்து சோலார். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தின் மொத்த மதிப்பு 75,021 கோடி ரூபாய். மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் வைத்தால் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கும். நல்ல திட்டம்தான். ஆனால் அதை வாங்க சொந்த வீடு வேண்டும், பேனலைத் தாங்கும் கூரை வேண்டும், மீதிப் பணத்தைப் போட வசதி வேண்டும். சிமென்ட் ஷீட் வீட்டுக்காரருக்கும், வாடகை வீட்டுக்காரருக்கும் அந்த 78,000 எட்டாக்கனி.

சரி, கரன்ட் தேவையையே குறைக்கும் வேலைக்கு எவ்வளவு?

மத்திய அரசின் எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ல் வந்தது. அதன்படி 2002-ல் உருவானதுதான் ஏ.சி, ஃபிரிட்ஜில் நாம் பார்க்கும் 'ஸ்டார்' ஸ்டிக்கருக்குச் சொந்தக்காரரான பி.இ.இ. அமைப்பு. ஒவ்வொரு மாநிலமும் சேமிப்புக்கென்று ஒரு தனி நிதி வைத்திருக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த நிதிக்கு பி.இ.இ. வகுத்த பங்களிப்பு, ஒரு மாநிலத்துக்கு அதிகபட்சம் 4 கோடி ரூபாய். அதுவும் இரண்டு தவணை. இரண்டாவது தவணை வேண்டுமென்றால் மாநிலமும் தன் பங்கைப் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் அதிகமான வீட்டு மின் இணைப்புகள் இருக்கின்றன. 4 கோடியை அதால் வகுத்துப் பாருங்கள். வீட்டுக்கு இரண்டு ரூபாய்கூட வராது! அந்த நிதி வீடுகளுக்கு மட்டுமானதும் இல்லை. தொழிற்சாலை, விழிப்புணர்வு நிகழ்ச்சி எல்லாம் அதற்குள்தான். ஒரு பக்கம் ஆயிரம் கோடிகள், இன்னொரு பக்கம் ஒரு டீ வாங்கக்கூடக் காணாத தொகை.

சட்டம் இருக்கு, சின்ன வீட்டுக்கு வராது!

"கட்டடங்களுக்கு ரூல்ஸ் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறது. 2007-ல் 'ஈ.சி.பி.சி.' என்ற கட்டட விதிமுறை வந்தது, 2017-ல் அதைப் புதுப்பித்தார்கள். ஆனால் அது 100 கிலோவாட் இணைப்புள்ள பெரிய வணிகக் கட்டடங்களுக்கானது. அதாவது மால், ஐ.டி. அலுவலகம், பெரிய ஹோட்டல். வீடுகளுக்காக 2018 டிசம்பரில் 'எகோ நிவாஸ் சம்ஹிதா' வந்தது. சுவர், ஜன்னல் வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வரலாம், கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம் என்றெல்லாம் அளவு வைத்துச் சொல்லும் நல்ல ஆவணம். ஆனால் அது குறிவைத்தது 500 சதுர மீட்டர் மனையும் அதற்கு மேலும். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, பெரிய குடியிருப்புகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அதை நடைமுறைப்படுத்துவது மாநிலங்கள் கையில்.

500 சதுர மீட்டர் என்பது 2 கிரவுண்டுக்கும் மேல். அரை கிரவுண்டில் கீழே ஓனர், மேலே ரெண்டு போர்ஷன் வாடகை என்று கட்டிய வீட்டுக்கு இது வரவே வராது. நம் ஊரில் பெரும்பாலான ஜனங்கள் இருப்பது அந்த மாதிரி வீட்டில்தான். இதுவெல்லாம் புதுசாகக் கட்டுவதற்கான விதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கட்டி முடித்து, இன்று ராத்திரி சுட்டுக்கொண்டிருக்கும் கூரைக்கு எந்த விதியும் இல்லை, நிதியும் இல்லை.

கூரையில் அப்படி என்னதான் நடக்குது?

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். சாயங்காலம் வெளியில் காற்று குளிர ஆரம்பிக்கும்போது, குடித்த சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கும். அதனால்தான் பகலைவிட ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடைசி மாடி வீடு அதிகம் வதைக்கிறது. சிமென்ட் ஷீட்டுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது. பகல் 12 மணிக்கே தோசைக்கல் ஆகிவிடும்.

நம் பெரியவர்களுக்கு இது தெரியும். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து தளத்தின் மேல் சுருக்கி போட்டு, அதற்கு மேல் தட்டோடு பதித்தது மழைநீர் ஒழுகாமல் இருக்க மட்டும் இல்லை, சூட்டை மட்டுப்படுத்தவும்தான். செலவு மிச்சம், வேலை மிச்சம் என்று பல வீடுகளில் இன்று அதை விட்டுவிட்டோம். மொட்டைத் தளத்தோடு நிறுத்திவிட்டு, அந்தக் காசில் கீழே ஏ.சி. வாங்குகிறோம்.

இதற்கு இப்போது பேசப்படும் எளிய தீர்வு 'குளிர் கூரை'. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை பெயின்ட், வெள்ளை டைல்ஸ், அல்லது உடைந்த பீங்கான் ஓட்டு மொசைக். ராக்கெட் சயின்ஸ் இல்லை. கறுப்புச் சட்டைக்கும் வெள்ளைச் சட்டைக்கும் உள்ள வித்தியாசம்தான்.

2010-ல் கடும் வெப்ப அலையில் பல உயிர்களைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013-ல் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டம் போட்டது. 2017-ல் குறைந்த வருமானக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கும் முயற்சியையும் தொடங்கியது. வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும் என்பது இத்தகைய கூரைகளைப் பற்றிச் சொல்லப்படும் அளவு. 37 டிகிரியில் தூங்குவதற்கும் 34 டிகிரியில் தூங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை, கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களிடம் கேட்டுப் பாருங்கள்.

தெலங்கானா மாநிலம் 2023 ஏப்ரலில் இதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளில் 300 சதுர கிலோமீட்டர் குளிர் கூரை என்பது இலக்கு. அரசுக் கட்டடம், வணிகக் கட்டடம், அரசு கட்டித்தரும் ஏழைகள் வீடு ஆகியவற்றுக்குக் கட்டாயம். தனி வீடுகளில் 600 சதுர கஜத்துக்கு மேற்பட்டவைக்குக் கட்டாயம், சின்ன வீடுகளுக்கு விருப்பம்.

தமிழ்நாடும் சும்மா இருந்துவிடவில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. 200 அரசுப் பசுமைப் பள்ளிகளில் குளிர் கூரை என்ற திட்டத்தையும் எடுத்தது. தமிழக சுற்றுச்சூழல் துறையின் கூடுதல் தலைமைச் செயலாளர் சுப்ரியா சாகுவுக்கு 2025-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 'சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்' விருது கிடைத்தபோது இந்தத் திட்டமும் குறிப்பிடப்பட்டது. பள்ளிக்கூடத்துக்கு வந்த வெள்ளைக்கூரை அந்தப் பிள்ளைகள் தூங்கப்போகும் வீட்டுக்கு எப்போது வரும் என்பதுதான் அடுத்த கேள்வி.

50 வருஷமாகக் காசு கொடுக்கும் அமெரிக்கா

"வீட்டைச் சரிபண்ண அரசு காசு கொடுக்குமா, நடக்கிற கதையா?" என்று தோன்றலாம். நடந்திருக்கிறது. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1976-ல் அமெரிக்கா ஒரு திட்டத்தைச் சட்டமாக்கியது. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பணம் கொடுக்கும். மாநிலங்கள் உள்ளூர் அமைப்புகள் மூலம் ஏழைகளின் வீட்டுக்கு ஆள் அனுப்பி, சுவர் இடுக்கை அடைத்து, பரணுக்கு வெப்பத்தடுப்பு போட்டுக் கொடுக்கும். பயனாளிக்கு இலவசம். இதுவரை 70 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் பலன் பெற்றிருக்கின்றன. 2009 பொருளாதார மந்தத்தின்போது 500 கோடி டாலரும், 2021-ல் 350 கோடி டாலரும் இதற்கென்றே ஒதுக்கினார்கள்.

ஆனால், இந்தக் கதையில் ஒரு குட்டும் உண்டு. மெரிடித் ஃபவுலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் வுல்ஃப்ரம் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், மிச்சிகன் மாநிலத்தில் சுமார் 30,000 குடும்பங்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். 2018-ல் வெளியான முடிவு அதிர்ச்சி. திட்டம் போட்டவர்களின் கம்ப்யூட்டர் சொன்ன மிச்சத்தில் பாதிகூட நிஜத்தில் வரவில்லை. செய்த செலவு, மிச்சமான எரிசக்தியின் மதிப்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு!

"அப்போ வேஸ்ட்டா?" என்று கேட்டால், எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பணமாக மட்டும் அளந்தால் நஷ்டம். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த வீடு கதகதப்பானது, ஆஸ்துமா தொல்லை குறைந்தது என்று ஆரோக்கியத்தையும் சேர்த்து அளந்தால் லாபம் என்பது திட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதம்.

நமக்கு முக்கியமான பாடம் இங்கேதான் இருக்கிறது.

யூனிட்டை மட்டும் எண்ணினால் ஏழைக்குக் கிடைக்காது

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டில் ரெண்டு ஏ.சி. கூரைக்கு வெள்ளையடித்தால் ஏ.சி. ஓடும் நேரம் குறையும், யூனிட் குறையும், பில் குறையும். பேப்பரில் திட்டம் சூப்பர் ஹிட். இரண்டாவது வீட்டில் ஏ.சி-யே இல்லை. ஒரே ஒரு ஃபேன். கூரைக்கு வெள்ளையடித்த பிறகும் அந்த ஃபேன் ஓடத்தான் போகிறது. ஏற்கெனவே 100 யூனிட்டுக்குள் இருப்பதால் பில்லும் பூஜ்யம்தான். பேப்பரில் மிச்சம் எதுவும் இல்லை, திட்டம் ஃபெயில்.

ஆனால், யாருக்கு அந்த வெள்ளைக்கூரை அதிகம் தேவை? இரண்டாவது வீட்டுக்குத்தானே! அங்கே மிச்சமாவது யூனிட் இல்லை, தூக்கம். மறுநாள் வேலைக்குப் போகத் தெம்பு. பாட்டிக்கு வெயிலில் மயக்கம் வராமல் இருப்பது.

எரிசக்தி சேமிப்பு நிதி எல்லாம் யூனிட்டை எண்ணித்தான் பகிரப்படுகிறது. அப்படி எண்ணும்வரை காசு ஏ.சி. வைத்திருக்கும் கட்டடங்களை நோக்கித்தான் ஓடும். யூனிட்டோடு டிகிரியையும் எண்ண ஆரம்பித்தால்தான் சிமென்ட் ஷீட் வீடு கணக்குக்குள் வரும். வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்த மாநிலம், பேரிடர் நடந்த பிறகு நிவாரணம் கொடுப்பதைவிட, நடக்கும் முன் ஒரு டப்பா பெயின்ட் கொடுப்பது மலிவு என்று யோசிக்கலாம்.

அரசுக்கே லாபமான ஒரு கணக்கு

யூனிட் கணக்கையும் விட்டுவிட வேண்டாம். அதிலும் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். தினமும் 12 மணி நேரம் ஓடினால், ரெண்டு மாசத்தில் பழையது 54 யூனிட் இழுக்கும், புதியது 22 யூனிட் கூடத் தொடாது. வருஷத்துக்கு ஒரு ஃபேனுக்கு சுமார் 200 யூனிட் மிச்சம். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலே 1,000 ரூபாய்.

இலவச 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டில் இந்த ஆயிரம் ரூபாய் யாருக்கு மிச்சம்? குடும்பத்துக்கு இல்லை, மானியம் கட்டும் அரசுக்கு! அப்படியானால், அந்த வீட்டுக்கு ஒரு நல்ல ஃபேனை அரசே கொடுத்தால், மூன்று வருஷம் போல ஆனால் போட்ட காசு திரும்பிவிடும்.

"ஃபேன் எல்லாம் வீடு வீடாகக் கொடுக்க முடியுமா?" என்று இந்த மாநிலத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்று ரேஷன் கார்டை வைத்துக் கொடுத்த மாநிலம் இது. விநியோகம் செய்யத் தெரியும். அன்று எண்ணிக்கை பார்த்தோம், இனி வாட்டையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மொத்தமாக வாங்கினால் விலை எப்படி விழும் என்பதற்கு எல்.இ.டி. பல்பே சாட்சி. 2014-ல் 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்யப்பட்ட பல்பு, 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 'உஜாலா' திட்டத்தில் 36 கோடிக்கும் அதிகமான பல்புகள் வீடுகளுக்குப் போயின.

அரசு கட்டிக் கொடுக்கும் வீட்டிலும் வாய்ப்பு இருக்கிறது. 2024-25-ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. அதற்கு வெள்ளைப் பூச்சுக்கு சதுர அடிக்கு 20 ரூபாய் என்று வைத்தால்கூட 6,000 ரூபாய்தான். மொத்தத் தொகையில் இரண்டு சதவிகிதம்கூட இல்லை. குடிசையின் குளிர்ச்சியை விட்டுவிட்டு கான்கிரீட்டுக்கு வரும் குடும்பத்துக்கு, அந்த 6,000 ரூபாய் பெரிய வித்தியாசம். ஒரு சோலார் மானியத் தொகையான 78,000-ல் இப்படிப் 13 கூரைகளுக்கு வெள்ளையடிக்கலாம்.

வாடகை வீட்டுக்காரரை மறந்துடாதீங்க!

எந்தத் திட்டம் வந்தாலும் வழுக்கி விழும் இடம் வாடகை வீடு. கூரை ஓனருடையது, சூடு வாடகைக்காரருடையது. பெயின்ட் அடிக்கச் செலவு ஓனருக்கு, பில் குறைவது வாடகைக்காரருக்கு. அப்புறம் ஓனர் ஏன் செலவு பண்ணுவார்? பல இடங்களில் தனி சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே வசூல் பண்ணுகிறார். அரசு தரும் 100 யூனிட் சலுகையே அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேருவதில்லை. கூரைக்கு மானியம் தரும்போது, 'குடியிருப்பவர் விண்ணப்பித்தாலும் போதும், ஓனர் சம்மதக் கையெழுத்து மட்டும் போட்டால் சரி' என்று ஒரு வரி சேர்க்காவிட்டால், இந்தத் திட்டமும் சொந்த வீட்டுக்காரர் திட்டமாகவே முடியும்.

பராமரிப்பும் முக்கியம். வெள்ளைக்கூரையில் தூசியும் பாசியும் படிந்தால் பிரதிபலிப்பு குறையும். சில வருஷங்களுக்கு ஒருமுறை மறுபூச்சு வேண்டும். முதல் வருஷம் ஃபோட்டோ எடுத்துவிட்டு விட்டுவிடும் திட்டமாக இருந்தால், மிச்சிகன் கதைதான் இங்கேயும். ஒவ்வொரு வார்டிலும் சில வீடுகளில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை மாட்டி, பூச்சுக்கு முன், பின் அளவை மக்கள் பார்க்கும்படி வெளியிட்டால் போதும். உண்மை தெரிந்துவிடும்.

அதுவரை நாம என்ன செய்யலாம்?

- மொட்டைமாடி உங்களுடையது என்றால், கோடைக்கு முன்பே வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள். முதலில் தளத்தை நன்றாகக் கழுவி, விரிசலை அடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும்.

- மேற்குப் பக்க ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே மறைப்பு கட்டுவது நல்லது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வந்ததுதான்.

- ஃபேன் ரிப்பேர் ஆனால் காயில் கட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அதிக நேரம் ஓடும் ஹால், பெட்ரூம் ஃபேனை மட்டுமாவது முதலில் மாற்றலாம்.

- ஏ.சி-யை 24-ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சம் என்பது பி.இ.இ. சொல்லும் கணக்கு.

- வாடகை வீடு என்றால், ஓனரிடம் பேசிப் பாருங்கள். "பெயின்ட் நீங்க வாங்கிக் கொடுங்க, ஆள் கூலி நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் பல ஓனர்கள் இறங்கி வருவார்கள். தளத்துக்கு ஆயுள் கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட குளிர்ச்சிக்கான செயல்திட்டம், 2037-38-ல் நம் நாட்டின் குளிர்ச்சித் தேவை 2017-18-ஐப்போல எட்டு மடங்காகும் என்கிறது. அந்தத் தேவை முழுவதையும் ஏ.சி-யால் சமாளிக்க நினைத்தால், கரன்ட்டுக்கும் மானியத்துக்கும் எங்கே போவது? அடுத்த முறை ஓட்டு கேட்டு வருபவர்கள் "எத்தனை யூனிட் இலவசம்" என்று சொல்லும்போது, நாம் இன்னொரு கேள்வியையும் கேட்டு வைக்கலாம்.

"யூனிட் இருக்கட்டும்ண்ணே... எங்க வீட்டுல எத்தனை டிகிரி குறைப்பீங்க?"